பிரசவத்துக்குப் பின் வரும் அபூர்வ இடுப்பு நோய்கள்

பிள்ளை பெற்றவளின் உடம்பு வலிக்கும் என்பதையும், அந்த வலி நாளடைவில் தானே தணியும் என்பதையும், தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்த பெண்கள் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு பெரும்பாலும் பொய்த்ததில்லை. ஆகவேதான், பிரசவம் முடிந்து இரண்டு மூன்று நாள் ஆன ஒரு தாய், இடுப்பு வலிக்கிறது என்றோ உடம்பு சுடுகிறது என்றோ சொல்லும்போது, "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் வீட்டாரிடமிருந்தும், சில சமயங்களில் மருத்துவமனையில் இருப்பவர்களிடமிருந்தும், யோசனைக்கே இடமின்றி வந்துவிடுகிறது. மிகப் பலர் விஷயத்தில் அந்தப் பதில் சரியானதே. மிகச் சிலர் விஷயத்திலோ, அது பிளந்துபோன ஒரு மூட்டையோ, சிரைக்குள் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டியையோ, எலும்புக்குள் பரவும் சீழையோ மறைத்துவிடுகிறது. அந்த மிகச் சிலரைப் பற்றியது இந்த அத்தியாயம்.

அபூர்வ வியாதியைக் கண்டுபிடிக்க அபூர்வமான புலமை வேண்டும் என்று எண்ணுவது வழக்கம். ஆனால் அதற்கு முதலாவதாக வேண்டியது, சாதாரணமான பிரசவத்துக்குப் பின் சரீரம் எந்த நாளில் எந்த நிலையை அடையும் என்பதைப் பற்றிய துல்லியமான ஞானம். குழந்தை பிறந்தவுடன் ஏறத்தாழ 1 கிலோ எடையுடன் தொப்புள் மட்டத்தில் கெட்டியாக உருண்டு நிற்கும் கருப்பை, நாளுக்கு நாள் கீழிறங்கி, இரண்டு வாரத்துக்குள் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் மறைந்து, ஆறு வாரத்தில் சுமார் 60 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் எழும் இசிவு, முன்பே பிள்ளை பெற்றவர்களுக்குச் சற்று அதிகமாக இருந்தாலும், மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. முதல் 24 மணி நேரத்தில் உடம்பு சற்றுச் சுடுவதுண்டு. ஆனால் அதன் பிறகு, முதல் 10 நாட்களுக்குள் ஏதேனும் இரண்டு நாட்களில் உஷ்ணம் 38 டிகிரி செல்ஷியஸை, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டை, எட்டுமானால் அதைப் பிரசவ ஜுரமாகவே கருதிக் காரணம் தேட வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் விதி. இந்தக் கால ஒழுங்கை மனத்தில் பதித்துக்கொண்டவருக்குத்தான், ஒரு தாயின் முறையீடு எந்த நாளில் எந்த இடத்தில் அந்த ஒழுங்கிலிருந்து விலகுகிறது என்பது புலனாகும்; அந்த விலகலே நோயின் முதல் தடயம்.

முற்காலத்தில் இத்தகைய நுட்பமான ஆராய்ச்சிக்கு இடமே இருக்கவில்லை. பேறுகால ஜன்னி என்ற ஒரே பேரிடர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. அந்த ஜன்னியை ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கொண்டுசெல்பவர்கள் வைத்தியர்களும் மருத்துவச்சிகளுமே என்று ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாந்தர் கார்டன் 1795-இல் எழுதினார்; வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-இல் மாணவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தபோது, ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 என்றிருந்த மரணம் ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 என்று இறங்கியது; லண்டனில் குவீன் சார்லட் மருத்துவமனையில் லியோனார்ட் கோல்புரூக் 1936-இல் பிரான்டோஸில் என்ற புது மருந்தின் பலனை வெளியிட்டபின், அந்த ஜன்னிக்குக் காரணமான கிருமியை உடம்புக்குள்ளேயே எதிர்க்கும் ஆற்றலும் வைத்தியருக்குக் கிட்டியது. பெருநோய் இப்படி ஒதுங்கிய பிறகே, அதன் நிழலில் இனம் தெரியாமல் கிடந்த சிறுபான்மை நோய்கள் ஒவ்வொன்றாகத் தனித்த உருவம் பெற்றன. அவற்றுள் இரண்டை மட்டும், ஒன்று எலும்பைச் சார்ந்ததும் மற்றொன்று ரத்தநாளத்தைச் சார்ந்ததுமாக, இங்கே விரிவாகப் பார்ப்போம்.

முன்மூட்டின் பிளவு

இடுப்பெலும்பு ஒரே எலும்பன்று. பின்புறத்தில் முதுகந்தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்பும், அதன் இரு பக்கங்களிலும் இணையும் பெரிய எலும்புகளும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அந்தப் பெரிய எலும்புகள் இரண்டும் முன்புறத்தில், அடிவயிற்றின் கீழ்க்கோடியில், நார் கலந்த குருத்தெலும்புத் தட்டு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு சந்திக்கின்றன. இந்த முன்மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர். கர்ப்ப காலத்தில் அது மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலும். அவ்வாறு அகலச் செய்வது எது என்ற வினாவுக்கு விடை தேடிய அமெரிக்க உயிரியலாளர் பிரெடரிக் ஹிஸா, கருவுற்ற பிராணியின் ரத்தநீரைக் கருவுறாத கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, அவற்றின் முன்மூட்டும் தளர்ந்துவிடுவதை 1926-இல் நிரூபித்தார். ரிலாக்ஸின் என்று பின்னர் பெயர் பெற்ற அந்தச் சுரப்புநீர் மனிதர்களிடமும் உண்டு. எனினும் அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு, எந்தத் தாய்க்கு மூட்டு வலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

இந்த மூட்டைப் பிளப்பதால் என்ன நேரும் என்பதை வைத்தியர்கள் வேறொரு வழியிலும் அறிந்தார்கள். பாரிஸ் நகரில் 1777 அக்டோபர் 1-ஆம் தேதி இரவில், ழான் ரெனே சிகோ என்ற வைத்தியர், எலும்புருக்கம் கண்டு இடுப்பு குறுகிப்போன ஒரு பெண்ணின் முன்மூட்டைக் கத்தியால் பிளந்து, உயிருள்ள குழந்தையை வெளியே கொண்டுவந்தார். அதற்கு முன் தன் குழந்தைகள் அனைத்தையும் பிரசவத்திலேயே பறிகொடுத்திருந்த தாய் அவள். பாரிஸின் மருத்துவப் பேராசிரியர் சபை சிகோவைப் பாராட்டிப் பதக்கம் அடித்தது. ஆனால் அந்தத் தாய்க்குச் சிறுநீர் கசியும் துன்பம் நிலைத்துவிட்டது. இதே ரணசிகிச்சை, சிசேரியன் பரவலாகிவிட்ட 20-ஆம் நூற்றாண்டிலும், 1940-களிலிருந்து 1980-கள் வரை அயர்லாந்தில் ஏறத்தாழ 1,500 பெண்களுக்குச் செய்யப்பட்டது. அவர்களுள் பலர் நடக்கும்போதெல்லாம் வலியையும், அடக்க முடியாத சிறுநீர்க் கசிவையும் வாழ்நாள் முழுவதும் சுமந்தார்கள். அவர்களுக்கான நஷ்டஈட்டுத் திட்டத்தை அந்த நாட்டு அரசாங்கம் 2014-இல்தான் ஏற்படுத்தியது. இடுப்பு வளையத்தின் உறுதி குலைந்த ஒரு பெண்ணின் சொல்லை உலகம் எத்தனை தாமதமாகக் காதில் வாங்குகிறது என்பதற்கு இந்த வரலாறு போதும்.

கத்தி படாமலே, பிரசவத்தின் வேகத்தாலேயே இந்த மூட்டு பிரிந்துவிடுவதும் உண்டு. குழந்தை பெரிதாக இருத்தல், பிரசவம் அதிவேகமாக நடந்து முடிதல், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தல், வலியுணர்வு மரத்திருக்கும்போது தொடைகளை அளவுக்கு மீறி விரித்து மடக்குதல் முதலியன அதற்கு ஏதுவாகின்றன. இடைவெளி 10 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் அதைப் பிளவு என்று சொல்வது மரபு. 300 பிரசவங்களுக்கு ஒன்று என்று கணக்கிட்டவர்களும் உண்டு, 30,000-க்கு ஒன்று என்று கணக்கிட்டவர்களும் உண்டு. நூறு மடங்கான இந்த வித்தியாசத்தில், தேடியவர்கள் எத்தனை கண்டார்கள், தேடாதவர்கள் எத்தனை தவறவிட்டார்கள் என்பதும் கலந்தே இருக்க வேண்டும்.

இந்நோய் கண்ட ஒரு தாயின் கட்டிலருகே சற்று நிற்போம். குழந்தையின் தலை வெளிப்படும் தருணத்தில் உள்ளே ஏதோ படக்கென்று விட்டதுபோல் இருந்தது என்று அவள் சொல்லக்கூடும். ஒன்றும் சொல்லாமலும் இருக்கக்கூடும். மல்லாந்து படுத்திருப்பவளை, முழங்காலை மடக்காமல் ஒரு காலைச் சாணளவு உயர்த்தச் சொன்னால், குதிகால் விரிப்பை விட்டு எழுவதில்லை. கையால் தொடையைப் பற்றித் தூக்கப் பார்க்கிறாள். புரண்டு படுப்பதற்கு இரண்டு முழங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி, இடுப்பு முழுவதையும் ஒரே துண்டாகத் திருப்புகிறாள். எழுப்பி நிற்க வைத்தால், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து இழுத்து, பக்கவாட்டில் அசைந்து அசைந்து நடக்கிறாள். வைத்தியரின் விரல் முன்மூட்டின் நடுக்கோட்டை மெல்ல அழுத்தும்போது அவள் முகம் சுளிக்கிறது. சிலரிடம் விரல் நுனிக்கு ஒரு பள்ளமே தட்டுப்படுகிறது. இடுப்பின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அதே இடத்தில் அதே வலி எழுகிறது. இவ்வளவும் அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. அதன்பின் எடுக்கப்படும் எக்ஸ்ரே படம் இடைவெளியை அளந்து காட்டுகிறது. ஆனால் இடைவெளியின் அளவும் வலியின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால், படத்தில் அகலம் குறைவு என்று சொல்லித் தாயின் வலியைக் குறைத்து மதிப்பிடுவது தகாது.

சிகிச்சை பெரும்பாலும் எளியதே. இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பட்டை முதன்மையானது. அதைக் கட்டும் இடத்தில்தான் தவறு நேர்கிறது. பேறுகாலத்துக்குப் பின் வயிற்றைக் கட்டும் துணியைப்போல் இடையில் கட்டினால் பயனில்லை. தொடையின் மேற்புறத்தில் வெளியே புடைத்துத் தட்டுப்படும் எலும்பு முனைகள் இரண்டும் பட்டைக்குள் அடங்கும்படி, சற்றுக் கீழே, இருக்கும் இடமறிந்து கட்டினால்தான் வளையம் நெருங்கி மூட்டின் இரு புறங்களும் ஒன்றையொன்று நாடும். அதனுடன் ஒருக்களித்துப் படுத்தல், வலி தணிக்கும் மருந்து, ஊன்றி நடக்கும் சட்டத்தின் உதவியோடு அளவான நடை, பின்னர் இயன்முறைப் பயிற்சி என்று கிரமமாகச் செய்தால், மிகப் பெரும்பாலோர் 6 முதல் 12 வாரங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். இடைவெளி 4 சென்டிமீட்டர் என்ற அளவை எட்டியவர்களுக்கும், பட்டையும் பயிற்சியும் பலன் தராதவர்களுக்குமே உலோகத் தகடும் திருகாணியும் கொண்டு மூட்டை இணைக்கும் ரணசிகிச்சையைப் பற்றி யோசிக்கிறார்கள்.

வலியோடு ஜுரமும் சேர்ந்து, வாரக்கணக்கில் குறையாமல் மிகுந்துகொண்டே போனால், மூட்டில் கிருமி புகுந்து எலும்பில் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்மூட்டு நலமாக இருக்க, ஒரு பக்கத்துப் புட்டத்திலும் அடிமுதுகிலும் மட்டும் நடக்கும்போது வலி குத்துமானால், முதுகின் அடியிலுள்ள முக்கோண எலும்பில் மயிரிழை போன்ற முறிவு ஏற்பட்டிருக்கக்கூடும். இவ்விரண்டும் தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்துக்குப் பிடிபடாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படமே அவற்றைத் தெளிவாகக் காட்டுகிறது.

மூட்டு பிரிந்தவளைப் படுக்கையிலேயே நெடுநாள் கிடத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அசைவின்றிக் கிடக்கும் புதுத் தாயின் ரத்தம் எளிதில் உறைந்துவிடும். இது நம்மை இரண்டாவது நோயிடம் கொண்டு செல்கிறது.

வலப்புறத்துச் சிரை

கர்ப்பத்தின் கடைசி நாட்களில் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிஷமும் 500 முதல் 750 மில்லிலிட்டர் வரை ரத்தம் பாய்கிறது. அதில் ஒரு பெரும் பங்கைத் திருப்பிக் கொண்டு செல்லும் சினைப்பைச் சிரைகள், வலத்திலும் இடத்திலுமாக, வழக்கமான குறுக்களவைப்போல் சுமார் மூன்று மடங்கு விரிந்துகொள்கின்றன. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியேறிய மாத்திரத்தில் அந்தப் பெருவெள்ளம் நின்றுவிடுகிறது. விரிந்த சிரையோ உடனே சுருங்குவதில்லை. அதில் ரத்தம் தேங்கி மந்தமாக நகர்கிறது. பிரசவத்தில் அளவு மீறி ரத்தம் போய்விடாமல் காப்பதற்காக இயற்கை முன்னதாகவே ரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களைக் கூட்டிவைத்திருக்கிறது. இவற்றோடு, பிரசவ காயத்தின் வழியாகக் கிருமிகள் புகுந்து சிரையின் உட்சுவரைக் கெடுத்துவிடுமானால், ரத்த ஓட்டத்தின் மந்தம், உறையும் தன்மையின் மிகுதி, நாளச் சுவரின் சேதம் என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ருடால்ப் விர்க்கோவின் ஆராய்ச்சிகள் உணர்த்திய மூன்று காரணங்களும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

இப்படி உறையும் கட்டி, பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு வலப்புறத்திலேயே தோன்றுகிறது. வலது சிரை நீளமானது. அதன் தடுக்கிதழ்கள் பெரும்பாலும் சரிவர மூடுவதில்லை. கர்ப்பத்தில் வலப்பக்கம் சாய்ந்து திரும்பும் கருப்பை அதை அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பின் இடது சிரையில் ரத்தம் கீழ்நோக்கித் திரும்பி ஓட, வலது சிரையிலோ கருப்பையிலிருந்து மேல்நோக்கி ஓடுவதால், கருப்பையின் கிருமிகள் அந்த வழியே ஏறிச் செல்கின்றன. நோய் இன்ன இடத்தில்தான் வரும் என்பதை உடற்கூறு இவ்வளவு தெளிவாக விளக்கும் உதாரணங்கள் வைத்தியத்தில் அதிகம் இல்லை.

ஆனால் அந்த இடமே வைத்தியரை ஏமாற்றவும் செய்கிறது. பிரசவமாகி ஒரு வாரத்துக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில், ஜுரமும் வலது அடிவயிற்றில் வலியும் கண்டால், யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குடல்வால் அழற்சி. அடுத்தபடியாகச் சிறுநீரக அழற்சி. கருப்பையின் உட்புற அழற்சி. ஏறக்குறையப் பாதிப் பேரிடம், கருப்பையின் வலது மூலையிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் நீண்ட தடிப்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். குடல்வால் என்று கருதி வயிற்றைத் திறந்து பார்த்தபோது, குடல்வால் சுத்தமாக இருக்க, அதன் அருகே கருத்துத் தடித்த சிரை தெரிந்த சந்தர்ப்பங்கள் பல உண்டு. இன்று அந்தத் தடுமாற்றத்தைச் சி.டி. ஸ்கேன் தீர்த்துவைக்கிறது. மருந்து செலுத்தி எடுத்த படத்தில், மற்ற நாளங்கள் எல்லாம் வெண்மையாக ஒளிரும்போது, இந்தச் சிரை மட்டும் விரிந்து, சுவர் வெளுத்தும் நடு கருத்தும், ஒரு வளையமாகத் தென்படுகிறது. அல்ட்ராசவுண்ட் எளிதில் கிடைப்பதாயினும், குடலில் உள்ள வாயு நடுவே குறுக்கிட்டு அதன் பார்வையை மறைத்துவிடுவதால், அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்தக் கட்டி மேலேறி உடலின் பெருஞ்சிரைக்குள் நீண்டுவிடுமானால், அதிலிருந்து ஒரு துண்டு சிதறி நுரையீரலின் நாளத்தை அடைத்து உயிருக்கே உலை வைக்கக்கூடும் என்பதால்தான், இந்த நோயைக் காண்பதில் இவ்வளவு அவசரம்.

இதன் உடன்பிறப்பு ஒன்று இதைவிட மறைவானது. அதில் இடுப்புக்குழியின் ஆழத்தில் உள்ள சிறு சிரைகளில் கிருமி கலந்த கட்டிகள் உறைகின்றன. குறிப்பிட்ட இடத்தில் வலியில்லை. படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. மாலையில் குளிரோடு ஏறும் ஜுரம் காலையில் இறங்கிவிட, இறங்கிய வேளையில் அந்தத் தாய் நோயாளி என்றே தோன்றாமல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தக்க கிருமிக்கொல்லி மருந்துகளை 3 முதல் 5 நாள் வரை கொடுத்தும் ஜுரம் விடவில்லை, சீழ்க்கட்டியும் இல்லை, மார்பிலும் சிறுநீரிலும் புண்ணிலும் குற்றம் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கியபின், எஞ்சி நிற்கும் அனுமானமாகவே இந்நோய் நிச்சயிக்கப்படுகிறது.

சிகிச்சையும் அதன் எல்லையும்

கிருமியால் சிரைகள் உறையும் இந்த நோய்க்கு முதலில் கிடைத்த சிகிச்சை கத்தியே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரீட்ரிக் திரெண்டலன்பர்க் போன்ற ரணவைத்தியர்கள், வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன சிரைகளைக் கட்டிவிட்டு, சாவின் வாயிலிருந்த சில தாய்மாரைக் காப்பாற்றினார்கள். ஜே மக்லீன் என்ற அமெரிக்க மாணவர் 1916-இல் செய்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த ஹெப்பாரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாக வழக்கத்துக்கு வந்தபின், 1960-களில் கத்தியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. கிருமிக்கொல்லிக்கு இறங்காத ஜுரம் ஹெப்பாரின் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடுகிறது என்று பலர் எழுதினார்கள். அப்படி இறங்குவதே நோயை உறுதிப்படுத்தும் பரிசோதனை என்றும் கருதப்பட்டது.

நியாயமான நம்பிக்கையும் பரிசோதனைக்கு உட்பட்டே தீர வேண்டும். அமெரிக்காவில் டல்லஸ் நகரின் பார்க்லண்ட் மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர்கள், சுமார் 45,000 பிரசவங்களை ஆராய்ந்து 1999-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். அத்தனை பேரில் இந்நோய் கண்டவர்கள் 15 பேர். அதாவது 3,000 பிரசவங்களுக்கு ஒன்று. இயல்பாகப் பிரசவித்தவர்களில் 9,000-க்கு ஒன்றாகவும், சிசேரியன் ஆனவர்களில் 800-க்கு ஒன்றாகவும் அது அமைந்திருந்தது. அவர்களுள் 14 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிருமிக்கொல்லியை மட்டும் தொடர்ந்து கொடுத்தும், மறு பிரிவுக்கு ஹெப்பாரினையும் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தபோது, ஜுரம் நீங்கும் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நாற்பத்தையாயிரம் தாய்மாரைப் பார்த்தும் பதினான்கு பேருக்கு மேல் இந்தச் சோதனைக்குக் கிடைக்கவில்லை என்பதிலேயே அபூர்வ நோயின் சிகிச்சையை நிர்ணயிப்பதன் சிரமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 14 பேரின் அனுபவம் ஒரு மருந்தைத் தள்ளவும் போதாது, கொள்ளவும் போதாது. ஆகவே படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தவர்களுக்கும், அது பெருஞ்சிரைக்கோ நுரையீரலுக்கோ சென்றவர்களுக்கும் உறைவு தடுக்கும் மருந்தை மாதக் கணக்கில் கொடுப்பதும், கட்டி தெரியாதவர்களுக்கு ஜுரம் விட்டபின் விரைவில் நிறுத்திவிடுவதும் பொதுவான வழக்கமாயிருக்கிறது. ஹெப்பாரினும், அதே வகை மருந்தான வார்ஃபரினும் தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையாவதில்லை. சிகிச்சையின் பெயரால் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்பதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது, மருந்துக்கு ஈடான ஆறுதல்.

எலும்பைப் பற்றிய நோயும் சிரையைப் பற்றிய நோயும் தன்மையில் வேறானவை; அவற்றை அறியும் வழி மட்டும் ஒன்று. பிரசவித்த நாள் முதல் ஜுரம் எந்த நாளில் எந்த வேளையில் ஏறியது, வலி நடுவிலா வலப்புறத்திலா முதுகிலா, படுக்கையில் புரள முடிகிறதா, முன்னைய பேற்றில் இப்படி இருந்ததா என்ற கேள்விகளுக்கு உரிய விடைகளைத் தேதியிட்டுக் குறித்து வைத்திருந்தால், எந்த ஸ்கேனை எப்போது எடுக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும். அந்த விடைகளை அறிந்தவள் தாய் ஒருத்தியே. நாட்கள் செல்லச் செல்லக் குறைய வேண்டிய வலி கூடுகிறது என்றும், "போன பிள்ளைக்கு இப்படி இல்லை" என்றும் அவள் சொல்லும் வாக்கியத்தை ஒரு நோய்க்குறியாகவே மதித்து எழுதிக்கொள்ளும் பழக்கம், பிரசவ விடுதிகளில் பணியாற்றும் ஒவ்வொருவருக்கும், அவளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் படிந்துவிடுமானால், இந்த நோய்கள் அபூர்வமாகவே இருக்கும். கண்டறியப்படாமல் மட்டும் இரா.